இன்ஸ்பெக்டரின் ரத்தக்கறையை நான் துவைத்த கதை

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

சினிமாவில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் என்ன வேஷம் கட்டினீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேஷம் எதுவும் கட்டவில்லை. சட்டை துவைத்தேன், தேய்த்தேன், பொத்தான் தைத்தேன். போலீஸ் படம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு பெரிய கும்பல், அதைப் பிடிக்க வரும் ஒரு சிஐடி இன்ஸ்பெக்டர், வெட்டு, குத்து, துரத்தல். அந்தப் படத்தில் யார் உடம்பில் எந்தத் துணி இருந்தாலும் அது ஒரு தடவையாவது என் கைக்கு வந்து போனதுதான்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் இருந்த சலவைக்கடையில்தான் நெடுங்காலம் வேலை பார்த்தேன். பட்டுப் புடவை, கோட்டு, கோயில் வேட்டி, எல்லாம் என் இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே வந்திருக்கின்றன. மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, வெற்றிலைக் கறை என்று எதைக் கொண்டுவந்தாலும் முதலாளி, “பார்வதிகிட்ட குடுங்க” என்பார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தக் கடைக்கு அடிக்கடி வந்துபோன பெண் ஷர்மிளா. நாடகங்களுக்கு உடை தைப்பாள். நான் வேலையை விட்டு புக்கிட் பாத்தோக் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. ஒரு போலீஸ் படத்துக்கு வார்ட்ரோப், அதாவது உடை வேலை முழுவதும் தன் பொறுப்பில் விட்டிருக்கிறார்களாம். தலைமைப் பொறுப்பில் அதுதான் அவளுக்கு முதல் படம். துவைக்கவும் தேய்க்கவும் நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றாள். சம்பளம் எவ்வளவு என்றுகூட நான் கேட்கவில்லை. டிவியை அணைத்தேன்.

முதல் நாள் புரொடக்‌ஷன் மேனேஜர் குமார் என்னைப் பார்த்ததும் ஷர்மிளாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தனியாக என்றாலும் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இந்த வயதுக்காரரை வைத்துக்கொண்டு வேகமாக வேலை நடக்காது, ஏற்கெனவே உங்கள் டிபார்ட்மென்ட்டால் ஒரு நாள் தாமதமாகிவிட்டது, இன்னொரு தடவை ஆனால் உங்களை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்றார். ஷர்மிளா, “ஆன்ட்டிக்கு நான் பொறுப்பு” என்றாள்.

குமார் போன பிறகு அவளிடம் போய், “அந்தத் தம்பிகிட்ட சொல்லு, என் வேலையில இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்தது இல்லனு” என்றேன்.

“சொல்றேன் ஆன்ட்டி. நீங்க இந்தப் படத்துலயும் வாங்காம இருங்க, போதும்.”

2. கும்பலின் சட்டைகள்

சினிமா ரத்தம் என்பது சோள சிரப்பும் சிவப்புச் சாயமும் கலந்தது. பிசுபிசுவென்று ஒட்டும். ஒரு சண்டைக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அடியாட்கள் சுத்தமான சட்டையோடு வந்து, குத்து வாங்கி, ரத்தத்தோடு விழ வேண்டும். அதனால் சாயங்காலம் வரும் சட்டைகள் மறுநாள் காலை கிழிசல் தைத்து வெள்ளையாகத் தயாராக இருக்க வேண்டும். அது என் வேலை.

முதல் இரண்டு தடவை அவற்றை வீட்டுக்கே கொண்டுபோனேன். குளிர்ந்த தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் வினிகர். சாயம் ஒரேயடியாகப் போய்விடாது, இளஞ்சிவப்பில் நிற்கும். ஒரு தடவை காற்றில் உலர்த்தி எடுத்து மறுபடி துவைத்தால்தான் முழுவதும் போகும். ஆகவே சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் வரிசையாக மாட்டினேன். ஒவ்வொரு சட்டையிலும் வயிற்றுப் பக்கம் ஒரு கத்திக் கிழிசல், அதைச் சுற்றி இளஞ்சிவப்பு. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யார் கீழே நடந்தாலும் தலையைத் தூக்கினால் கண்ணில் படும்.

எதிர்வீட்டு மலாய் அக்கா கதவைத் தட்டி, வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்தார். நலம் என்றேன். மகன் நலமா என்றார். அவனும் நலம் என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார். பிறகு நிஜப் போலீஸ் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் சின்ன வயசு, மரியாதையாகப் பேசினார்கள். நான் அவர்களை உட்காரவைத்து, சட்டைகளைக் காட்டி, சினிமா ரத்தத்துக்கும் நிஜ ரத்தத்துக்கும் துவைப்பதில் என்ன வித்தியாசம் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் முகம் இன்னும் இறுகியது. நிஜ ரத்தம் எப்படிப் போகும் என்பது எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரிந்திருப்பது அவர்களுக்கு நல்லதாகப் படவில்லை போலிருக்கிறது. கடைசியில் ஷர்மிளாவோடு போனில் பேசவைத்த பிறகுதான் சிரித்தார்கள். போகும்போது ஒருவர், படத்தில் கடைசியில் போலீஸ் ஜெயிக்கிறதா என்று கேட்டார்.

அதோடு வீட்டுக்குத் துணி கொண்டுபோவது நின்றது. சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியை வார்ட்ரோப் அறையாக வைத்திருந்தார்கள். துவைப்பதும் தேய்ப்பதும் அங்கேயே என்று ஆனது.

ஆனால் என் பெயர் பரவிவிட்டது. டைரக்டர் ரஃபீக் ஒருநாள் மாடிக்கு வந்து, ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “ஆன்ட்டி, இவன நேத்து மூணு தடவ குத்துனோம். ஒண்ணுமே தெரியலயே” என்றார். குமார்கூட ஒருமுறை தலையாட்டினார். அன்று எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நான் யார் என்று தெரியாமல் இருக்கிறதே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

3. கறுப்புப் பை

வார்ட்ரோப் அறையில் இரண்டு இடம் உண்டு. நீலக் கூடையில் இருப்பதைத் துவைக்க வேண்டும். கறுப்புப் பையில் இருப்பதைத் தொடக்கூடாது. முதல் நாளே ஷர்மிளா சொல்லிவிட்டாள். கறுப்புப் பையில் இருப்பது கன்டினியூட்டி. நேற்று எடுத்த காட்சியில் சட்டை எப்படி இருந்ததோ, அதற்கு அடுத்த காட்சியை எத்தனை நாள் கழித்து எடுத்தாலும் அப்படியே இருக்க வேண்டும். கசங்கல் இருந்தால் கசங்கல், சேறு இருந்தால் சேறு.

“புரியுதா ஆன்ட்டி?”

“இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?” என்றேன்.

கதையும் எனக்குத் தெரியும். கும்பல் தலைவன் தங்கக்கடை முதலாளியாக வேஷம் போட்டுக்கொண்டு ஊருக்குள் கௌரவமாகத் திரிகிறான். இன்ஸ்பெக்டர் அவனைத் தேடி வரும் வழியில் பின்சந்தில் அடியாட்கள் மடக்கித் தோளில் வெட்டுகிறார்கள். ரத்தம் ஒழுக ஒழுக அவர் நடந்தே தங்கக்கடைக்குப் போய் அவன் கையில் விலங்கு மாட்டுகிறார். சந்துக் காட்சியை எடுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். இன்ஸ்பெக்டராக நடித்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவும் தெரிந்த மனுஷிதான் அடுத்து வரும் காரியத்தைச் செய்தாள்.

தங்கக்கடைக் காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அறையில் நான் மட்டும் இருந்தேன். ஷர்மிளா டைரக்டரோடு கடையைப் பார்க்கப் போயிருந்தாள். கூடை காலி. வேலை முடிந்துவிட்டது. கிளம்பியிருக்கலாம். தரையில் ஒரு எறும்பு வரிசை போனது. எங்கே போகிறது என்று பார்த்தேன். கறுப்புப் பைக்குள் போனது.

திறந்தேன். இன்ஸ்பெக்டரின் வெளிர்நீலச் சட்டை. தோளிலிருந்து மார்பு வரைக்கும் காய்ந்த சிரப்பு, அதன்மேல் எறும்பு. நாளைக்கு அந்த மனிதர் இதை உடம்பில் போட வேண்டும். எறும்பை மட்டும் தட்டிவிடலாம் என்று உதறினேன், ஒட்டிக்கொண்டது போகவில்லை. எறும்பு இருக்கும் ஓரத்தை மட்டும் லேசாக நனைத்துத் துடைக்கலாம் என்று நினைத்தேன். இந்த நினைப்பு வரைக்கும் எனக்கு மன்னிப்பு உண்டு.

ஓரத்தை நனைத்தேன். கறை கரைந்து ஓடியது. கறை ஓடுவதைப் பார்த்துவிட்டால் என் கை நிற்காது. அது எனக்குக் கட்டுப்பட்ட கை இல்லை. கறையைத் தவிர வேறு எதையும் அது பார்ப்பதில்லை. மளமளவென்று வினிகர், சோப்பு, தேய்ப்பு, மின்விசிறிக்கு முன்னால் உலர்த்தல், மறுபடி துவைப்பு. கொஞ்ச நேரத்தில் சட்டை பளிச்சென்று ஆகிவிட்டது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். தோளில் கத்திக் கிழிசல் இருந்தது. இவ்வளவு சுத்தமான சட்டையில் கிழிசல் அசிங்கமாகத் தெரிந்தது. சட்டையின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவி, இழைக்கு இழை பின்னி அடைத்தேன். பிறகு கஞ்சி போட்டுத் தேய்த்தேன். போலீஸ்காரர் சட்டை விறைப்பாக இருக்க வேண்டாமா?

கதவைத் திறந்ததும் ஷர்மிளா கண்ணில் படும்படி அதை எல்லாவற்றுக்கும் முன்னால் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

4. தங்கக்கடைக் காலை

மறுநாள் காலை நான் கோப்பி வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறியபோது ஷர்மிளா காலியான கறுப்புப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, இன்ஸ்பெக்டர் சட்டை எங்க?”

“கண்ணு முன்னாடிதான் தொங்குது. அடையாளமே தெரியல இல்ல?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கிட்டே போனாள். தோள்பட்டையைத் தடவினாள்.

“கிழிசல்?”

“தேடாத. பூதக்கண்ணாடி வெச்சாலும் கிடைக்காது.”

அவள் கத்தவில்லை. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். “அந்தக் கறைய ஒரு மத்தியானம் பூரா பிரஷ்ஷால வரைஞ்சேன் ஆன்ட்டி” என்றாள். “எங்க காஞ்சிருக்கணும், எங்க ஈரமா இருக்கணும், நடக்கும்போது எந்தப் பக்கம் வழியும்னு பாத்துப் பாத்து. டைரக்டர் அத ஒண்ணுதான் நல்லாருக்குன்னு சொன்னாரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் இருந்த கோப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று ஏன் வேறு வழியே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கக்கடைக்காரர் கடை திறக்கும் நேரம் வரைக்கும்தான் இடம் தந்திருந்தார். இன்ஸ்பெக்டராக நடித்தவர் அன்று சாயங்காலம் சென்னைக்கு விமானம் ஏறுகிறார். இதே சட்டையில் இன்னொன்று உண்டுதான், ஆனால் அது பிற்பகல் எடுக்கும் வேறு காட்சிக்குக் கறையில்லாமல் வேண்டும். மூன்றாவது சட்டை கேட்டதற்கு குமார் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். ஆக, இந்த ஒரு சட்டை நேரத்துக்குத் தயாராகாவிட்டால் ஷர்மிளாவின் வேலை போய்விடும்.

முதலில் கிழிசலைத் திறக்க வேண்டும். கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு நான்தான் உட்கார்ந்தேன். என் தையலை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன், ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் கைவேலை கொஞ்சம் மட்டமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஷர்மிளா போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இங்கேதான் என்று விரலை வைத்தாள். அவள் சொன்ன இடத்தில் வெட்டினோம்.

அடுத்து ரத்தம். பிரஷ்ஷைத் தொட்டு வைத்தால் முத்து முத்தாக உருண்டு கீழே ஓடுகிறது, துணிக்குள் இறங்கவில்லை. கஞ்சி. அவ்வளவு தாராளமாகப் போட்டிருந்தேன். வெந்நீரில் அலசி, கஞ்சியை எடுத்து, ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டியை வைத்து உலர்த்தினேன். ஆவி முகத்தில் அடித்தது. நல்லதுதான், முகம் ஏன் நனைந்திருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நேரமில்லை, ஒரு பக்கத்துக்கு நீங்கள் ரத்தம் வையுங்கள் என்று ஷர்மிளா என் கையில் ஒரு பிரஷ்ஷைத் தந்தாள். வைத்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். புள்ளிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வரிசையாக நின்றன. வாசலில் கோலம் போடுவதற்கு வைத்த புள்ளிபோல. பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

குமார் மாடி ஏறி வந்தபோது சட்டை பாதிதான் ஆகியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். ஷர்மிளா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

“நான்தான் துவைச்சேன் தம்பி. எறும்பு மொய்ச்சிருந்துச்சு.”

“ஆன்ட்டி, அது ரத்தம்.”

“ரத்தத்துக்கு எறும்பு வருமா?” என்றேன். பயத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது.

அவர் சட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். டைரக்டர் ரஃபீக் சட்டையையும் போனில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புதுக் கறை பளபளவென்று இருந்தது, பழையதுபோல இல்லை. இன்ஸ்பெக்டராக நடித்தவர்தான், காயத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தால் என்ன என்று கேட்டார். கை வைத்தால் பாதிக் கறை மறைந்துவிடும். அப்படியே எடுத்தார்கள். கடைக்காரர் வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி டேக் ஓகே ஆனது. விலங்கு மாட்டியாயிற்று.

5. திட்டு

ஷாட் முடிந்ததும் நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. குமார் ஷர்மிளாவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வேறு ஆள் வருவார், கணக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் போய் நின்றேன். தப்பு செய்தது நான், அவளை ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

குமார் குரலைத் தாழ்த்தினார். “ஆன்ட்டி, நீங்க வயசானவங்க. எங்க அம்மா மாதிரி இருக்கீங்க. உங்கள நான் என்னன்னு திட்றது? நீங்க கொஞ்ச நேரம் போய் உக்காருங்க, ப்ளீஸ்லா.”

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று விளங்கியது. என் நரைத்த தலைக்குக் கிடைக்கும் மரியாதைக்கு விலையாக அந்தப் பெண் தன் வேலையைக் கொடுக்கிறாள். நான் பெருமைக்காரிதான். ஆனால் அந்தப் பெருமைக்கு இவ்வளவு விலை வேண்டாம்.

“நான் உங்க அம்மா இல்ல தம்பி” என்றேன். “வார்ட்ரோப்ல வேல பாக்கிற ஆள். இங்க எல்லாரையும் எப்படித் திட்டுவீங்களோ அப்படியே திட்டுங்க. உக்கார மாட்டேன், நின்னு வாங்கிக்கிறேன்.”

அவர் முதலில் தயங்கினார். பிறகு தொடங்கினார். தொடங்கினது தெரியும், எப்போது முடியும் என்று தெரியவில்லை. லைட்டுக்காரர்கள், மேக்கப் பெண்கள், விலங்கோடு நின்ற கும்பல் தலைவன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொடாதே என்றால் தொடக்கூடாது என்பது தெரியாதா, கேட்க வாய் இல்லையா, போன் இல்லையா, யார் உங்களைத் தைக்கச் சொன்னது, யார் கஞ்சி போடச் சொன்னது. கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி. சலவைக்கடையில் இத்தனை காலம் வாங்காத திட்டையெல்லாம் ஒரே காலையில் வாங்கித் தீர்த்தேன். கால் வலித்தது. ஆனாலும் உட்காரவில்லை.

கொட்டித் தீர்த்த பிறகு மனிதருக்குச் சட்டென்று களைத்துவிட்டது. தண்ணீர் குடித்தார். ஷர்மிளாவைப் பார்த்து, “மத்தியானக் காட்சிக்கு டிரெஸ் ரெடியா?” என்று கேட்டார். ரெடி என்றாள். அப்புறம் ஏன் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். வேறு ஆள் என்ற பேச்சு அதன்பிறகு வரவேயில்லை.

6. புது வேலை

குமார் என்னை மன்னித்துவிட்டார். ஷர்மிளா அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை. சோப்பும் வினிகரும் அவள் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. துவைக்க வேறு பெண் வந்தாள். எனக்கு அழுக்காக்கும் வேலை தரப்பட்டது. நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை, சினிமாவில் அப்படி ஒரு வேலையே இருக்கிறது. கடையிலிருந்து வந்த புதுச் சட்டையைப் பல வருஷம் போட்டது மாதிரி ஆக்க வேண்டும். காலரில் வியர்வை மஞ்சள், கையில் கிரீஸ், முதுகில் புழுதி. உப்புத்தாளால் தேய்த்து, கோப்பியில் முக்கி, தெருவோரத்து மண்ணைப் பூசி. கும்பலின் புது அடியாட்களுக்காக ஒரு குவியல் வெள்ளைச் சட்டைகள் வந்திருந்தன. பார்த்தாலே கண் கூசும் வெள்ளை. அவற்றை என் கையாலேயே பாழாக்கச் சொன்னாள்.

முதல் சட்டைக்கு எனக்கு ஒரு பிற்பகல் ஆனது. கோப்பியை ஊற்றுவேன். கை தானாகத் துடைக்கப் போகும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். மண்ணைத் தேய்ப்பேன், பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு ஓரத்தில் தட்டிவிடுவேன். அப்போதுதான் ஷர்மிளா வரைந்த அந்தத் தோள்பட்டை ஞாபகம் வந்தது. காய்ந்ததுபோல ஓர் இடம், ஈரம்போல ஓர் இடம். அதை உண்டாக்க எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்பது, ஒரு காலரை ஒழுங்காக அழுக்காக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

துணி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கறையைக் கண்டதும் கையைத் தண்ணீரில் விடாதீர்கள். அது யார் கறை என்று முதலில் கேளுங்கள். நீங்கள் அழுக்கு என்று நினைப்பது ஒருவர் பொழுதெல்லாம் உட்கார்ந்து செய்த வேலையாக இருக்கலாம்.

சாயங்காலம் ஷர்மிளா வந்து அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள். நான் பரீட்சை எழுதியவள்போல நின்றேன்.

“பத்தல ஆன்ட்டி” என்றாள். “இன்னும் ரொம்ப சுத்தமா இருக்கு.”

என் வேலையில் இப்படி ஒரு குறையை யாரும் இதுவரை சொன்னதில்லை. வாங்கிக்கொண்டேன். மறுபடி கோப்பியில் முக்கினேன்.